கடற்கரையில் நிற்கிறேன், கருவி மைனஸ் 90 மீட்டர் காட்டுகிறது

அளவுச்சங்கிலி:

எல்லோருக்கும் வணக்கம். நான் நில அளவை வேலை பார்ப்பவன். ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் இரண்டு வருடமாக இருக்கிறேன். போன வாரம் தூத்துக்குடி மாவட்டத்தில் மணப்பாடு பக்கம் ஒரு சாலை வேலைக்காக டிஜிபிஎஸ் (செயற்கைக்கோள் சிக்னலை வைத்து இடத்தையும் உயரத்தையும் துல்லியமாகச் சொல்லும் கருவி) வைத்து அளந்தோம். கடைசிப் புள்ளி கடலை ஒட்டி. அலை வந்து திரும்பும் இடத்திலிருந்து இருபது அடி கூட இருக்காது. கம்பை ஊன்றி, குமிழியை நடுவில் நிறுத்தி, திரையைப் பார்த்தால் உயரம் மைனஸ் 90 மீட்டரை ஒட்டி நிற்கிறது.

கூட வந்த பொறியாளர் "கருவி கெட்டுப்போச்சு, ரீசெட் பண்ணு" என்றார். மூன்று தடவை செய்தேன். பக்கத்து வேலையிலிருந்து வேறு கம்பெனி ரிசீவர் ஒன்றை வாங்கி வந்து வைத்தேன். அதிலும் அதே எண், சில சென்டிமீட்டர் தான் வித்தியாசம். இரண்டு கருவியும் ஒரே மாதிரி கெட்டுப்போகுமா?

எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் கடல் கண் முன்னால் இருக்கிறது, நான் அதற்கு மேலே நிற்கிறேன், கருவி முப்பது மாடிக் கட்டடத்தின் உயரத்துக்குக் கீழே நிற்கிறாய் என்கிறது. இது என்னவென்று தெரிந்தே ஆக வேண்டும்.

ரசமட்டம்:

தம்பி, கருவி சரி. பொறியாளர் சொன்னதுதான் தவறு. நான் இந்தத் துறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். டம்பி லெவலில் தொடங்கி டிஜிபிஎஸ் வரை பார்த்துவிட்டேன்.

செயற்கைக்கோளுக்குக் கடல் மட்டம் தெரியாது. அது உங்கள் கம்பு பூமியின் மையத்திலிருந்து எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். அதை உயரமாக மாற்ற ஒரு கணக்கு உருவம் தேவை. அதுதான் நீள்கோளம், இடுப்பில் சற்றுப் புடைத்து இரு துருவங்களிலும் சற்றுத் தட்டையான வழுவழுப்பான உருண்டை. உலகம் முழுக்க இப்போது பயன்படுவது டபிள்யூஜிஎஸ் 84. அதில் நிலநடுக்கோட்டு ஆரம் 6378.137 கிலோமீட்டர், துருவ ஆரம் 6356.752 கிலோமீட்டர். உங்கள் திரையில் வந்தது அந்தக் கணக்கு உருண்டையின் பரப்பிலிருந்து உள்ள உயரம்.

உண்மையான கடல் அந்தப் பரப்பின் மேல் ஒட்டிக்கொண்டு கிடப்பதில்லை. சில இடங்களில் அதற்கு மேலே, சில இடங்களில் கீழே. நம் தென்கோடியில் கீழே, அதுவும் உலகத்திலேயே மிக அதிகமாகக் கீழே இருக்கும் பகுதியின் விளிம்பில் நீங்கள் நிற்கிறீர்கள். கன்னியாகுமரிக்குத் தெற்கே, இலங்கைக்குத் தென்மேற்கே இந்துமாக்கடலில் ஓரிடத்தில் கடல் மட்டம் அந்த நீள்கோளத்துக்கு 106 மீட்டர் வரை கீழே இருக்கிறது.

கடல் மட்டத்தைக் காற்று, அலை, ஓதம் எல்லாம் நீக்கிவிட்டு நிலத்துக்கு அடியிலும் நீட்டினால் வரும் பரப்புக்கு ஜியாய்டு என்று பெயர். கருவி சொன்ன உயரத்திலிருந்து அந்த இடத்து ஜியாய்டு எண்ணைக் கழிக்க வேண்டும். மைனஸில் மைனஸைக் கழித்தால் உங்கள் மணல்மேட்டின் நிஜ உயரம் வந்துவிடும். ரிசீவரின் மென்பொருளில் ஜியாய்டு மாதிரியை, அதாவது எந்த இடத்தில் ஜியாய்டு எண் எவ்வளவு என்று சொல்லும் கோப்பை, ஏற்றும் வசதி இருக்கும், பாருங்கள்.

வெள்ளோட்டம்:

ஐயா, குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்துமாக்கடலில் 106 மீட்டர் பள்ளம் இருந்தால் சுற்றியுள்ள கடல்நீர் எல்லாம் அங்கே பாய்ந்து நிரப்பியிருக்க வேண்டாமா? எத்தனையோ கோடி வருடமாக நிரம்பாமல் எப்படி இருக்கும்? நான் கப்பலில் வேலை பார்த்தவன். கொழும்பைச் சுற்றிப் பலமுறை போயிருக்கிறோம். எந்த இறக்கத்தையும் பார்த்ததில்லை.

கரும்பலகை:

வெள்ளோட்டம் அண்ணா கேட்டது அருமையான கேள்வி. பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன், இதே கேள்வியை என் பிள்ளைகளும் கேட்பார்கள்.

வீடு கட்டும்போது கொத்தனாரைப் பாருங்கள். சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார். தரை மட்டமா என்று தண்ணீர் ஊற்றிய டியூபை இரண்டு மூலையிலும் பிடித்துப் பார்ப்பார். குளியலறைக்கு மட்டும் "வாட்டம்" வைப்பார், தண்ணீர் ஓடுவதற்காக. மட்டம் எது, வாட்டம் எது என்பதைத் தீர்மானிப்பது அந்தக் குண்டு தொங்கும் திசை. அதற்குச் செங்குத்தான பரப்பு மட்டம், அதிலிருந்து சாய்ந்தால் வாட்டம்.

அந்தக் குண்டை இழுப்பது பூமி. ஆனால் பூமிக்குள் எல்லா இடமும் ஒரே கனமில்லை. ஒரு பக்கம் கனமான பொருள் அதிகம் இருந்தால் குண்டு மயிரிழை அந்தப் பக்கம் சாயும், கடல்நீரும் அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். கனம் குறைந்த பகுதியிலிருந்து நீர் கொஞ்சம் விலகி நிற்கும். அங்கே பரப்பு உருண்டைக் கணக்குக்குக் கீழே போகிறது. ஆனாலும் ஒவ்வொரு புள்ளியிலும் தூக்குக்குண்டு அந்தப் பரப்புக்குச் செங்குத்தாகத்தான் தொங்குகிறது. அதாவது வாட்டமே இல்லை. வாட்டம் இல்லாத இடத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?

உலகத்திலேயே ஜியாய்டு மிக உயர்ந்து நிற்பது நியூ கினி பக்கம், சுமார் 85 மீட்டர். நம் பள்ளத்திலிருந்து அங்கே ஒரு கப்பல் போனால் கணக்கு உருண்டையைப் பொறுத்து ஏறத்தாழ 190 மீட்டர் ஏறியிருக்கும். எஞ்சின் அந்த ஏற்றத்துக்காக ஒரு சொட்டு டீசல் கூடச் செலவழித்திருக்காது. உங்கள் கண்ணுக்கு இறக்கம் தெரியாததும் இதனால்தான்.

வெள்ளோட்டம்:

டீசல் கணக்கில் சொன்னதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. நன்றி டீச்சர். அப்போ அந்த இடத்தில் கடலின் அடித்தளம் பள்ளமா?

கரும்பலகை:

இல்லை. அடித்தளப் பள்ளத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. உலகத்திலேயே ஆழமான இடம் பசிபிக்கில் மரியானா அகழி, 10,900 மீட்டர் வாக்கில். அது வேறு கதை. நம் பள்ளத்துக்கு "ஈர்ப்பு ஓட்டை" என்று தலைப்புப் போடுகிறார்கள், அதைப் படித்துவிட்டு அங்கே போனால் எடையே இருக்காது என்று ஒரு மாணவன் நம்பியிருந்தான். அங்கே ஈர்ப்புக் குறைவு பத்தாயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆனால் அந்தச் சின்னக் குறை முப்பது லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவிக் கிடக்கிறது. அந்த அகலத்தால்தான் கடல் மட்டம் இவ்வளவு இறங்குகிறது.

பாலாவி:

ஈழத்திலிருந்து எழுதுறன். இங்கயும் இதே நிலைதான், இன்னும் கூட. எங்கட கரையில் ரிசீவர் வைச்சால் மைனஸ் 90ஐத் தாண்டி நிற்கும்.

எங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு. பழைய வரைபடங்கள் எல்லாம் கண்டவல என்ற பழைய நில அளவை முறையில் போட்டவை. அதுக்கு அடிப்படை 1830ஆம் ஆண்டின் எவரெஸ்ட் நீள்கோளம். அதில் நிலநடுக்கோட்டு ஆரம் 6377.276 கிலோமீட்டர். ரசமட்டம் ஐயா சொன்ன இப்போதைய எண்ணோட ஒப்பிட்டால் 860 மீட்டர் குறைவு. பழைய வரைபடத்து எண்களை அப்படியே போனில் போட்டால் வளவின் எல்லை பக்கத்து வளவுக்குள்ள போய் நிற்கும். மாற்றுக் கணக்குப் போடாமல் அதை வைச்சுக் காணிப் பிரச்சினைக்குப் போறவைக்கு இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு. ஏன் அந்தக் காலத்தில் 860 மீட்டர் பிழை வந்தது ஐயா?

ரசமட்டம்:

பாலாவி, அதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் இந்தியாவில் அளந்தார்கள், இந்தியாவுக்குப் பொருந்தும் உருண்டையை எடுத்தார்கள். உலகம் முழுவதற்கும் சேர்த்துப் பொருத்த அன்று செயற்கைக்கோள் இல்லை. இன்றைக்கு எவரெஸ்ட் என்றால் எல்லோருக்கும் மலைதான் நினைவு வரும். அந்த நீள்கோளத்துக்கு அடியில் இருப்பது நம் ஊர் மண்ணில் தொடங்கிய அளவு.

1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அளவையாளர் அடிக்கோடு, அதாவது மற்ற அளவுக்கெல்லாம் அடிப்படையான முதல் கோடு, அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர். நூறடி எஃகுச் சங்கிலி. வெயிலில் இரும்பு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, நிழல் கட்டி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, சங்கிலி சங்கிலியாக நகர்த்தினார்கள். சித்திரை வெயிலில் சென்னையில் வாரக்கணக்கில் இதைச் செய்திருக்கிறார்கள். எஃகு டேப்பைப் பிடித்து இழுக்கிறவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஒரு டிகிரி சூடு ஏறினால் நூறடிக்கு எவ்வளவு நீளும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து நான் பலநாள் தூங்காமல் இருந்திருக்கிறேன்.

அந்த ஒரு கோட்டை வைத்து முக்கோணம் முக்கோணமாகத் தெற்கே இறங்கினார்கள். காவிரிச் சமவெளியில் மலை கிடையாது, எங்கு பார்த்தாலும் தென்னை. அதனால் கோயில் கோபுரங்களின் மேல் ஏறிப் பார்த்தார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை, அதாவது கோணம் அளக்கும் கருவியை, மேலே இழுக்கும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அளவு வட்டமே நெளிந்துவிட்டது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஆறு வாரம் அதைத் தட்டித் தட்டிச் சரிசெய்து மறுபடி அளக்கப் போனார். 1823இல் வேலையின் நடுவிலேயே ஹிங்கன்காட்டில் இறந்தார். அவருக்குப் பின் வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். அந்த நீள்கோளத்துக்கும் மலைக்கும் அவர் பெயர்தான்.

தஞ்சைக்குப் போகும்போதெல்லாம் அந்த விமானத்தை நிமிர்ந்து பார்ப்பேன். பெட்டியை இழுத்தவர்கள், சங்கிலி பிடித்தவர்கள், காட்டுக் காய்ச்சலில் போனவர்கள் எல்லாம் நம் ஆட்கள். ஒருவர் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை.

குறிஞ்சிப்பூ:

நான் கல்லூரி மாணவி. ஒரு சந்தேகம். இடுப்புப் புடைத்திருக்கிறது என்பதை யார் முதலில் கண்டுபிடித்தது? 21 கிலோமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாதே?

கரும்பலகை:

ஒரு கடிகாரம் காட்டிக் கொடுத்தது. 1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவின் கயென் நகருக்கு ஓர் ஊசல் கடிகாரம் கொண்டுபோனார். பாரிஸில் சரியாக ஓடியது அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலின் நீளத்தைக் குறைத்தால்தான் சரியானது. நிலநடுக்கோட்டுப் பக்கம் பூமி ஊசலைக் கொஞ்சம் மெதுவாக இழுக்கிறது என்று பொருள். சுழலும் பூமி இடுப்பில் புடைத்துத்தான் ஆக வேண்டும் என்று நியூட்டன் கணக்கிட்டார், ரிஷேயின் கடிகாரம் அவருக்குக் கைகொடுத்தது. ஆனால் பிரான்சில் பலர் ஒத்துக்கொள்ளவில்லை, பூமி எலுமிச்சை போல மேலும் கீழும் நீண்டது என்றார்கள். 1730களில் ஒரு குழு பெருவுக்கும் இன்னொரு குழு லாப்லாந்துக்கும் போய் அளந்து வந்த பிறகுதான் சண்டை தீர்ந்தது. நியூட்டன் பக்கம்தான்.

இன்றைய அளவில் ஈர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.780 மீ/வி², துருவத்தில் 9.832 மீ/வி². இங்கே 60 கிலோ இருப்பவரைச் சுருள்தராசில் துருவத்தில் நிறுத்தினால் கிட்டத்தட்ட 300 கிராம் கூடும்.

இன்னொன்று. இந்தப் புடைப்பால் பூமியின் மையத்திலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் சிகரம் எவரெஸ்ட் இல்லை. ஈக்குவடாரின் சிம்பொராசோ. கடல் மட்டத்திலிருந்து 6263 மீட்டர்தான், ஆனால் நிலநடுக்கோட்டருகே இருப்பதால் மையத்திலிருந்து எவரெஸ்டை விட 2 கிலோமீட்டர் கூடுதல் தூரம்.

ஆலமரம்:

இதையெல்லாம் படித்தால் பூமி ஏதோ கரடுமுரடாக நெளிந்து கிடக்கிற மாதிரி ஒரு பிம்பம் வருகிறது. இணையத்தில் உருளைக்கிழங்கு மாதிரி ஒரு படம் சுற்றுகிறதே, அதுதான் பூமியின் உண்மையான வடிவம் என்று போடுகிறார்கள். சரியா?

கரும்பலகை:

அந்தப் படத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். மேடு பள்ளத்தைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கி வரைந்தது அது. அதைச் சொல்லாமல் பகிர்கிறார்கள்.

என் வகுப்பில் ஒரு காரியம் செய்வேன். வராந்தாத் தரையில் ஆணியும் நூலும் வைத்து சாக்பீஸால் 1 மீட்டர் குறுக்களவில் வட்டம் போடச் சொல்வேன். அதுதான் பூமி. அந்த அளவில் இடுப்புப் புடைப்பு குறுக்களவில் மொத்தமே 3.4 மில்லிமீட்டர். எவரெஸ்ட் 0.7 மில்லிமீட்டர். கடலின் சராசரி ஆழம் 0.3 மில்லிமீட்டர். பரப்பில் 71 சதவீதத்தை மூடியிருக்கும் கடல் அவ்வளவு மெல்லிய ஈரம்தான். கண்டங்களின் மேலோடு 3 மில்லிமீட்டர். ரஷ்யாவில் கோலா என்ற இடத்தில் மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை 12,262 மீட்டர். இந்த வட்டத்தில் அது 1 மில்லிமீட்டர். இவை எல்லாமே சாக்பீஸ் கோட்டின் தடிமனுக்குள் அடங்கிப் போய்விடும். நம் 106 மீட்டர் பள்ளம்? மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு.

பிறகு அதே ஆணியில் நூலைச் சுருக்கி 27 சென்டிமீட்டர் ஆரத்தில் இன்னொரு வட்டம். அதுதான் கருவம், இரும்பும் நிக்கலும். அதற்குள் 10 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஒரு வட்டம், திடமான உட்கருவம். இரண்டுக்கும் நடுவில் உருகிய உலோகம். பிள்ளைகள் வாயடைத்து நிற்பது இந்த இடத்தில்தான். நாம் மலை, கடல் என்று படிப்பதெல்லாம் கோட்டுக்குள், மீதிப் பூமி முழுக்க உள்ளே.

குறிஞ்சிப்பூ:

1 மில்லிமீட்டர் மட்டும் தோண்டியிருக்கிறோம் என்றால் 27 சென்டிமீட்டர் கணக்கெல்லாம் எப்படித் தெரியும் மேடம்?

கரும்பலகை:

முதல் துப்பு எடையிலிருந்து. 1798இல் கேவண்டிஷ் என்ற ஆங்கில விஞ்ஞானி பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப் போல ஐந்தரை மடங்கு என்று கண்டார். காலுக்கடியில் கிடக்கும் பாறை 2.7 மடங்குதான். அப்படியென்றால் உள்ளே எங்கோ மிகக் கனமான ஏதோ இருக்கிறது. அடுத்த துப்பு நிலநடுக்கங்கள். ரிச்சர்ட் ஓல்டாம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்தவர், 1897 அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர். 1906இல் நிலநடுக்க அலைகள் பூமியின் நடுவே போகும்போது தாமதமாவதை வைத்து அங்கே வேறொரு பொருள் இருப்பதைக் காட்டினார். 1936இல் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் (Inge Lehmann) என்ற பெண் நிலநடுக்க ஆய்வாளர், அந்தக் கருவத்துக்குள்ளும் ஒரு தனிக் கருவம் இருப்பதைக் கண்டார். வர வேண்டாத இடத்தில் வந்த சின்னச் சின்ன அலைகளை மற்றவர்கள் பொருட்படுத்தவில்லை, அவர் விடவில்லை. இதைச் சொல்லும்போது மாணவிகளைப் பார்த்துத்தான் சொல்வேன்.

பாலாவி:

சரி, எங்கட கடலுக்கு அடியில் ஏன் கனம் குறைவு? அதுக்கு விடை இருக்கோ?

ரசமட்டம்:

முழுதாகத் தீர்ந்த விஷயமில்லை, ஆய்வாளர்களுக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2023இல் ஒரு விளக்கம் வெளியிட்டார்கள். 14 கோடி ஆண்டுகளாக நிலத்தட்டுகள் நகர்ந்ததைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். இந்தியா வடக்கே நகர்ந்தபோது டெத்திஸ் என்ற பழைய கடலின் தரை கவசத்துக்குள், அதாவது மேலோட்டுக்கும் கருவத்துக்கும் நடுவிலுள்ள பாறை அடுக்குக்குள், அமிழ்ந்தது. அது ஆழத்தில் போய் ஆப்பிரிக்காவுக்கு அடியில் கிடந்த சூடான பொருளைக் கிளறிவிட, அந்த இலகுவான பொருள் மேலெழுந்து இந்துமாக்கடலுக்கு அடியில் பரவியது. சூடான பொருள் கனம் குறைந்தது, அதனால் ஈர்ப்பும் குறைவு. இதுதான் சாரம். எனக்கு இது ஏற்கும்படி இருக்கிறது.

உள்ளே கனம் மாறினால் தூக்குக்குண்டு சாயும் என்பதை நம் துறை நேரிலேயே அனுபவித்திருக்கிறது. வடஇந்தியாவில் கலியானா, கலியான்பூர் என்று இரண்டு நிலையங்கள். முக்கோண அளவில் வந்த அட்சரேகை வித்தியாசத்துக்கும், நட்சத்திரம் பார்த்துக் கணக்கிட்டதற்கும் 5 விகலைக்குச் சற்றுக் கூடுதலான முரண் (ஒரு விகலை என்பது ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு). இமயமலை குண்டை இழுத்திருக்கும் என்று ஜான் பிராட் மலையின் கனத்தைக் கணக்கிட்டார். கணக்குப்படி 15 விகலைக்கு மேல் வர வேண்டும். ஏன் மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது? 1855இல் ஜார்ஜ் ஏரி (Airy) என்ற ஆங்கில வானியலாளர் சொன்னார்: மலைக்கு அடியில் இலகுவான பாறை வேர் போல ஆழமாக இறங்கியிருக்கிறது, பனிக்கட்டி தண்ணீரில் மிதப்பது மாதிரி மலை மிதக்கிறது. ஐந்து விகலையைப் "போகட்டும்" என்று விட்டிருந்தால் இது கிடைத்திருக்குமா? அதனால்தான் தம்பியின் பொறியாளர் ரீசெட் பண்ணச் சொன்னதைப் படித்ததும் எனக்கு மனசு பொறுக்கவில்லை.

அளவுச்சங்கிலி:

ஐயா, டீச்சர், எல்லோருக்கும் நன்றி. நேற்று ஜியாய்டு மாதிரியை ஏற்றி, அந்த எண்ணைக் கழித்தேன். என் மணல்மேடு கடல் மட்டத்திலிருந்து 2.3 மீட்டர் என்று வந்தது. பார்த்ததும் அவ்வளவு நிம்மதி.

ஆனால் ஒரு குறை. பக்கத்தில் ஒரு பழைய பி.எம். கல் (பெஞ்ச் மார்க், உயரம் ஏற்கெனவே அளந்து பதிவு செய்த கல்) இருக்கிறது. அதன் மேலும் ரிசீவரை வைத்துப் பார்த்தேன். பதிவேட்டில் உள்ள உயரத்தை விட எனக்கு 40 சென்டிமீட்டர் கூடுதலாக வருகிறது. இதில் யார் சரி?

ரசமட்டம்:

இரண்டு பேரும் அவரவர் கணக்கில் சரி. பி.எம். உயரம் நம் துறைமுகங்களில் வருடக்கணக்கில் ஓதம் அளந்து எடுத்த சராசரிக் கடல் மட்டத்திலிருந்து வருகிறது. நாகப்பட்டினமும் சென்னையும் அந்தப் பட்டியலில் உண்டு. ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் எழுதியிருக்கும் உயரமும் அதே வழிதான். உங்கள் ஜியாய்டு மாதிரியோ உலகம் முழுவதற்கும் செயற்கைக்கோள் ஈர்ப்பு அளவை வைத்துச் செய்தது. ஓரிடத்தில் சில பத்து சென்டிமீட்டர் விலகல் இருப்பது சகஜம். சாலைக்கும் வடிகாலுக்கும் உள்ளூர் பி.எம்.தான் கணக்கு. அதிலிருந்து ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவி) வைத்து உயரத்தைக் கொண்டுபோங்கள், போய்த் திரும்பி அதே கல்லுக்கு வந்து மூடுங்கள், தொடங்கிய எண்ணே வருகிறதா என்று பாருங்கள். 40 சென்டிமீட்டரை வடிகாலில் விட்டால் மழைக்காலத்தில் ஊருக்குள் தண்ணீர் நிற்கும்.

அளவுச்சங்கிலி:

இன்று விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கி முடித்துவிட்டோம் ஐயா. பி.எம். கல்லிலிருந்து கடற்கரைக்கு இரண்டு கிலோமீட்டர், போய்வரும் தூரம் நான்கு. வெயில் ஏறினால் ஸ்டாஃப் (நிறுத்திப் பிடிக்கும் அளவுகோல்) கானலில் ஆடும் என்று ஒன்பது மணிக்குள் திரும்பிவிட்டோம். மூடுபிழை 11 மில்லிமீட்டர், நான்கு கிலோமீட்டருக்கு 24 வரை அனுமதி உண்டு. மணல்மேடு 1.92 மீட்டர்.

பொறியாளரிடம் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அந்த ஜியாய்டு கோப்பை அவர் ரிசீவரிலும் ஏற்றித் தரச் சொன்னார்.